அழகின் பிரமாணம்

சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதி, மெழுகைக் கையில் எடுப்பதற்கு முன், தென்னோலையிலிருந்து ஒரு நீண்ட கீற்றைக் கிழித்து, வரப்போகும் திருமேனியின் உயரத்துக்கு அதை நறுக்கி, சாஸ்திரம் சொல்லும் கணக்குப்படி மடித்து மடித்து, இது முகம், இது கண்டம், இது மார்பிலிருந்து நாபி வரை என்று அந்த மடிப்புத் தடங்களையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுகிறார். ஒடியோலை என்று அதற்குப் பெயர். இரும்பு அளவுகோல் பட்டறையில் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஓலைக்குத்தான் முதல் மரியாதை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையில் உமையின் உருவம் பிடிக்கப்பட்டு, காவிரி வண்டல் அதன்மேல் பூச்சுப் பூச்சாக ஏறிக் காய்ந்து, தணலில் மெழுகு உருகி ஓடியபின், அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகம் இறங்குகிறது. இடை இவ்வளவு, தோள் இவ்வளவு, மூக்கின் நுனிக்கும் உதட்டுக்கும் நடுவே இவ்வளவு என்று தேவியின் மேனி முழுவதும் கணக்குக்குக் கட்டுப்பட்டது. மத்திம தசதாளம் அவளுக்கு விதித்த பிரமாணம். அதாவது, உருவத்தின் உயரத்தை 120 பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஓர் அங்குலம் என்று கொண்டு, அவற்றை அங்கங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது.

இவ்வளவு நுட்பமாகப் பெண்ணுருவை அளந்து, அதற்கு இலக்கணம் எழுதி, கேசம் முதல் பாதம் வரையில் ஒவ்வோர் அங்கத்துக்கும் உவமை தேடித் தோத்திரம் செய்து, அழகையே அம்பிகையின் திருநாமங்களுள் ஒன்றாகவும் ஆக்கிக்கொண்ட ஒரு சமயம், வார இதழின் அட்டைப் படத்தையும் கடைத்தெருவின் விளம்பரப் பலகையையும் பார்த்து முகம் சுளிப்பதற்கு என்ன யோக்கியதை உடையது? கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் படித்த பெண்கள் இப்போது இதைக் கேட்கிறார்கள். நீங்கள் கல்லிலும் செம்பிலும் செய்ததைத்தானே பத்திரிகைக்காரர்கள் காகிதத்தில் செய்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். பெரியவர்களிடமிருந்து இதற்கு வழக்கமாக வரும் விடை, அது பக்தி, இது வியாபாரம் என்பது. சொல்லிவிட்டதோடு வாதம் தீர்ந்துவிட்டதாக நினைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய கேள்வியன்று இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். சமயப் பற்றுள்ளவர்கள் விளம்பரத்தைக் கண்டிக்கும்போது பெரும்பாலும் உடையைத்தான் கண்டிக்கிறார்கள். துணி எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு பாவம் என்பது அவர்கள் கணக்கு. தஞ்சை அரண்மனையில் 1951-இல் தொடங்கிய கலைக்கூடத்துக்குப் போய், திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரின் பக்கத்தில் நிற்கும் தேவியின் எதிரில் அவர்கள் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். அவர் 1011-ஆம் ஆண்டிலும், அவள் அதற்கு அடுத்த ஆண்டிலும் வார்க்கப்பட்டவர்கள். அவள் மார்பில் கச்சு இல்லை. ஆயினும் அந்தச் சன்னிதியில் (அருங்காட்சியகம் என்பதை அங்கே நான் மறந்துவிடுவது வழக்கம்) வெட்கப்பட எவருக்கும் தோன்றுவதில்லை. மறுபுறம், சிவப்பழகு தருவதாகச் சொல்லும் களிம்பின் விளம்பரத்தில் வரும் பெண் கழுத்து வரை போர்த்திய தாவணியும், நெற்றியில் விபூதியும், கையில் கோலப் பொடியுமாகக்கூட வரலாம். பெண்களைக் கண்ணியக் குறைவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவளைத் தொடுவது கடினம். ஆனால் கலைக்கூடத்துத் தேவி எந்தப் பெண்ணுக்கும் செய்யாத ஒரு தீங்கை அந்தத் தாவணிப் பெண் செய்கிறாள். அந்தத் தீங்குதான் இன்னதென்று நாம் கண்டுபிடிக்க வேண்டியது.

சிற்ப நூல்களை வகுத்தவர்கள் ஒரு காரியத்தில் வெகு ஜாக்கிரதையாக இருந்தார்கள். தெய்வங்களுக்குப் பத்துத் தாளமும், அவற்றுக்குள்ளேயே உத்தமம், மத்திமம், அதமம் என்ற தரங்களும் விதித்த அவர்கள், மானிடருக்கு எட்டுத் தாளம் என்று தனியே ஒதுக்கினார்கள். அதாவது, தேவியின் மேனி மானிடப் பெண்ணின் மேனியை அளப்பதற்கான கோலன்று என்பதைச் சாஸ்திரமே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டது. அந்த நீண்ட கைகளும், உடுக்கை போன்ற இடையும் தியானத்துக்காக ஏற்பட்டவை. தெருவில் நடமாடுவதற்கு ஏற்பட்டவையல்ல. இன்றைக்கு ஆடை அலங்காரக் கலை போதிக்கும் பள்ளிகளிலும் ஒரு தாளக் கணக்கு உண்டு: பெண்ணை ஒன்பது தலை உயரமாக வரை என்பது அவர்களுடைய பாடம். உள்ளபடி மனித உடம்பு ஏழு, ஏழரைத் தலைக்கு மேல் போவதில்லை. ஆக, பத்திரிகையும் தெய்வத்தின் பக்கமாகச் சாய்ந்த ஓர் அளவைத்தான் கையாளுகிறது. வித்தியாசம் என்னவென்றால், அது தெய்வ அளவு என்று சொல்வதில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் அளவு என்று சொல்லி வைத்துவிடுகிறது. ஏழரைத் தலைக்காரி ஒன்பது தலைக்காரியைப் பார்த்துத் தன் கால்களை நொந்துகொள்ளுகிறாள்.

இதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று விக்கிரகத்தின் கண்ணில் இருக்கிறது. திருமேனி முழுவதும் முடிந்த பிறகும் கடைசியாகச் செய்ய வேண்டிய கருமம் கண் திறத்தல். பொன் ஊசியினால் ஸ்தபதி விழியின் ரேகையைத் தீட்டும் வரையில் அது உலோகம்; தீட்டிய கணத்திலிருந்து அது நம்மைப் பார்க்கும் பொருள். அவ்வாறு திறந்த கண்ணுக்கு முதன்முதலாகக் காட்டப்பட வேண்டிய மங்கல வஸ்துக்களை ஆகமங்கள் வரிசைப்படுத்துகின்றன: கன்றோடு கூடிய பசு, தானியக் குவியல், கண்ணாடி, கன்னிப் பெண்கள். ஊரிலே கிடைத்த சிறுமிகள். பாவாடையும் பின்னலும், ஒருத்திக்கு முன்பல் விழுந்தும், இன்னொருத்திக்கு முழங்காலில் சிராய்ப்புமாக, இன்னது நடக்கிறது என்று முழுக்க விளங்காமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பவர்கள். நூற்றிருபது அங்குலப் பிரமாணத்தில் ஒரு மயிரிழையும் பிசகாமல் வார்க்கப்பட்ட பரிபூரண சௌந்தரியம், கண் விழித்ததும் தன் கண்ணுக்கு மங்கலமாக வேண்டுவது இவர்களை! அந்தச் சிறுமிகளை ஒருவரும் அளப்பதில்லை. இருக்கிறபடியே அவர்கள் மங்கலம். விளம்பரத்தில் நடப்பது இதன் நேர்மாறு. அங்கே உருவத்துக்குக் கண் இருந்தும் அது நம்மைப் பார்ப்பதில்லை. சிறுமிதான் அதைப் பார்க்கிறாள், பார்த்த கண்ணோடு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள், பார்த்து ஒரு குறையைக் கண்டுபிடிக்கிறாள். அந்தக் குறைக்கு மருந்து அதே பக்கத்தின் அடியில், விலையோடு அச்சாகியிருக்கிறது.

திருக்கடையூரில் அபிராமி பட்டரைப் பற்றி வழங்கும் வரலாறு யாவரும் அறிந்தது. அம்பிகையின் முகத்தில் மனம் லயித்திருந்தவரிடம் சரபோஜி மன்னர் வந்து திதி என்னவென்று கேட்க, அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டார். அழகைப் பற்றி நம் நாட்டில் எழுந்த தத்துவ விசாரங்கள் அத்தனையும் அந்த ஒரு தவறான பதிலில் அடங்கியிருப்பதாக நான் நினைப்பதுண்டு. உத்தமமான அழகின் எதிரில் மனிதன் தன் நாளை மறக்கிறான், பொழுதை மறக்கிறான், எதிரில் நிற்பவன் அரசன் என்பதையும் மறக்கிறான். விளம்பரத்தின் அழகோ ஒரு நிமிஷங்கூட நம்மை மறக்க விடுவதில்லை. உன் கன்னம், உன் கூந்தல், உன் அக்குள் என்று நம்மையே நமக்கு நினைப்பூட்டிக்கொண்டிருக்கிறது. சைவ சித்தாந்தத்தின்படி ஆணவ மலத்தின் தொழில் உயிரைச் செருக்கில் ஆழ்த்துவதோடு முடிவதில்லை; எங்கும் விரிந்து நிற்க வேண்டிய உயிரைச் சிறுத்துக் குறுகி நிற்கச் செய்வதும் அதன் வேலை. ஒரு பெண்ணின் அறிவும் அன்பும் உழைப்பும் ஆகிய விசாலத்தையெல்லாம் மூக்கின் பக்கத்திலுள்ள ஒரு கரும்புள்ளிக்குள் ஒடுக்கிவிடும் ஆற்றலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் இறைவன் உயிருக்குக் கொடுத்தது அது தெளிவு பெறுவதற்காக என்பது தருமபுரத்திலும் திருவாவடுதுறையிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். ஒருத்தியின் தனுவை இன்னொருவனுடைய போகமாக மாற்றி விற்பதற்கு அந்தப் பாடத்தில் இடமில்லை.

நம் பத்திரிகைகள் எப்போதுமே இப்படி இருந்தனவா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில் சில்பி வரைந்த கோயிற் சிற்பங்களை நறுக்கி வைத்துப் பாதுகாத்த குடும்பங்கள் இந்த ஜில்லாவில் பல. தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலு, கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த சித்திரங்களில் மேளக்காரரும் நாட்டியப் பெண்ணும் அவளுடைய தாயாரும் நம் தெருவில் பார்த்த மனிதர்களாகவே இருந்தார்கள். ஆனால் அதே இதழ்களில் சோப்பு விளம்பரமும் இருந்தது. லக்ஸ் சோப்புக்கு 1941-இல் லீலா சிட்னிஸ் முகம் கொடுத்த நாளிலிருந்து வடக்கத்தி நடிகையரும் தமிழ் நடிகையரும் வரிசையாக அந்தப் பக்கத்தை அலங்கரித்து வந்தார்கள். கோபுலுவே பிற்பாடு விளம்பரத் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். கலைஞனும் சாப்பிட வேண்டும், அதில் குற்றம் காண நான் தயாரில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவியது முதல், லட்சுமியும் சரஸ்வதியும் ஒரே ரோஜா நிறத்தில் வீடு வீடாக வந்துவிட்டார்கள். கம்பெனிகள் தம் பெயரைப் பொறித்துக் காலண்டராக வழங்கின. பூஜை அறைச் சுவரில் தொங்கிய முகமும் சோப்பு விளம்பரத்தின் முகமும் அக்கா தங்கை போல ஆகிவிட்டன. இது எந்தத் தனி மனிதனின் சதியும் அன்று.

1975-ஆம் வருஷத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே மாதத்தில் இந்திய மண்ணின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். அதே ஆண்டில் ஃபேர் அண்ட் லவ்லி என்ற களிம்பு கடைக்கு வந்தது. தஞ்சைக்குக் கிழக்கே புன்னைநல்லூரில் புற்று மண்ணால் ஆன மாரியம்மன் இருக்கிறாள். மண் மேனியாதலால் அபிஷேகம் கிடையாது, தைலக் காப்புதான். கோடையில் அவள் முகத்தில் முத்து முத்தாக வியர்வை துளிர்க்கும் என்பது பக்தர்களின் அனுபவம். பெரியம்மை போட்ட முகத்தை அந்தக் காலத்தில் அம்மா விளையாடிய முகம் என்றார்கள். தழும்பு விழுந்த பெண்ணுக்கு வரன் தேடுவது அன்றும் கடினந்தான். ஆனால் அவள் முகத்தின் வடுவுக்குத் தெய்வத்தின் பெயரால் ஒரு மரியாதை இருந்தது. அம்மை ஒழிந்தது மகத்தான நன்மை. அந்த நோய் ஒழிந்த கையோடு, நோயே அல்லாத ஒன்றை, அதாவது பிறவியில் வந்த நிறத்தை, வியாதியாக அறிவித்து மருந்து விற்கத் தொடங்கியதை எப்படிச் சொல்வது? மகன் இல்லையே என்று ஏங்கும் தகப்பன், களிம்பு தடவி நிறம் மாறி விமானப் பணிப்பெண்ணாகும் மகள் என்று ஒரு விளம்பரம் வந்தது. ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பின் 2003-இல் அது நிறுத்தப்பட்டது. கறுத்தவர்களை வாழ்க்கையில் தோற்றவர்களாகக் காட்டக்கூடாதென்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014-இல் விதி செய்தது. 2020-இல் களிம்பின் பெயரிலிருந்த ஃபேர் போய் க்ளோ வந்தது. வெளுப்பு போய்ப் பொலிவு வந்த இந்த மாற்றம் பெரிதா சிறிதா என்பதை மளிகைக் கடையில் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் இன்னும் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்பதை வைத்துத் தீர்மானிக்கலாம்.

இனி, வழக்கின் மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது முறை. களிம்பு வருவதற்கு வெகு காலம் முன்பே தஞ்சாவூர்ப் படத்தில் கண்ணன் வெளுத்துவிட்டான். கார்மேக வண்ணனைத் தங்க ரேக்குக்கு நடுவே வெள்ளை வெளேரென்று உட்கார்த்திவைத்தது எந்த அந்நியக் கம்பெனியும் அல்ல. (அந்தப் படங்களின் கொழுத்த கன்னங்களையும் பருத்த புஜங்களையும் எந்த அழகிப் போட்டியும் முதல் சுற்றிலேயே தள்ளிவிடும் என்பது வேறு விஷயம்.) பெண் நிறம் கம்மி, ஐந்து பவுன் கூடப் போட வேண்டும் என்ற பேரம் அக்கிரகாரத்திலும் நடந்தது, குடியானத் தெருவிலும் நடந்தது. இன்னும் பின்னே போனால், ராஜராஜன் பெரிய கோயிலைச் சுற்றித் தளிச்சேரிப் பெண்டுகள் என்னும் கோயில் ஆடல் மகளிர் நானூறு பேரைக் குடியேற்றி, ஆளுக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் நிவந்தமாகக் கொடுத்ததைக் கல்வெட்டு பேர் பேராகச் சொல்கிறது. அந்தக் கௌரவம் பிற்காலத்தில் எங்கே போய் முடிந்தது என்பதை மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரைவிட நன்றாக எழுதியவர் இல்லை. அவர் 1936-இல் வெளியிட்ட 'தாசிகள் மோசவலை' நாவல் இந்தக் காவிரிக் கரையிலேதான் பிறந்தது. தெய்வத்துக்கு அலங்காரம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் வடிவம் எப்படி மிராசுதாரின் சொத்தாயிற்று என்பதைக் கண்டு கொதித்தவர் அவர். 1947-இல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது அதை எதிர்த்த குரல்களில் சமயத்தின் பெயரைச் சொன்னவை குறைவல்ல. ஆகையால் கோயில் எப்போதும் நிரபராதி என்று வாதாட நான் வரவில்லை.

ஆனாலும் கோயிலிடம் ஒன்று இருக்கிறது. பத்திரிகையிடம் அது இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் விஜயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியதும் முதலில் பிரதிஷ்டை செய்தது நிசும்பசூதனியை. வடபத்திரகாளி என்று இன்று தஞ்சையில் வழிபடப்படும் அந்த மூர்த்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் துருத்தி நிற்க, வயிறு ஒட்டி, மார்பு வற்றித் தொங்க, கபால மாலையோடு அமர்ந்திருக்கும் உக்கிர உருவம். பின்னாளில் உமையின் இடையை அவ்வளவு ஒயிலாக வளைத்த அதே சோழ நாடு, தன் ராஜ்யத்தை ஆரம்பித்து வைக்க அழைத்தது இந்த வற்றிய மேனியை. காரைக்காலில் வணிகர் குலத்தில் பிறந்து, பின்னாளில் காரைக்கால் அம்மையார் எனப்பட்ட புனிதவதியாரோ, தன்னை விட்டுப் பிரிந்து வேறொருத்தியை மணந்த பரமதத்தன் தன் காலில் விழுந்ததும், இவனுக்காகச் சுமந்த தசைப் பொதி இனி எதற்கு என்று அதைக் கழித்துப் பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். இந்தக் கதையில் எனக்கு ஒரு சங்கடம் நெடுநாளாக உண்டு. மங்கையர்க்கரசியாருக்கு அழகைத் துறக்க வேண்டிய அவசியம் நேரவில்லை. அடியார்களான ஆண்களில் எவரும் தம் கட்டழகைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. ஊர் ஒரு பெண்ணை உடம்பாகவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தவிர வழியில்லாமற் போயிற்றோ என்று தோன்றுகிறது. அது ஊரின் குற்றம். ஆனால் கயிலைக்குத் தலையால் நடந்து வந்த அந்த எலும்புருவை இறைவன் அம்மையே என்று அழைத்தான் என்பதிலும், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் தாளம் தட்டிக்கொண்டு அவள் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதிலும், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகத்தில் இருக்கும் அவளுடைய சோழர் காலத்துச் செப்புத் திருமேனியில் அந்த ஒட்டிய முகம் சிரிக்கிறது என்பதிலும் ஒரு பெரிய தைரியம் இருக்கிறது. உமையைப் பிடித்த மெழுகுதான் அவளையும் பிடித்தது. பத்திரிகை உலகில் கிழவிக்கு இடம் உண்டா என்றால், உண்டு: மூட்டு வலித் தைலத்துக்கு.

ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், ஒரத்தநாட்டுப் பக்கமும் மன்னார்குடிப் பக்கமும் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, சேற்றில் குனிந்து பின்னோக்கி நடந்துகொண்டே நாற்றை ஊன்றும் பெண்களைப் பார்க்கலாம். அவர்களுடைய நிறம் வெயில் எழுதிய நிறம். நாம் உண்ணும் சோற்றின் ரசீது அது. மாலையில் கூலி வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், பெட்டிக் கடையின் வாசலில் ஷாம்புப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அந்தப் பொட்டல வித்தை நம் கடலூரில் தோன்றியது. ஒன்றைக் கிழித்து வாங்கி ஒரு பெண் தலை குளித்தால் அது அவளுடைய சுகம், அதில் எந்தச் சாஸ்திரமும் தலையிட வேண்டியதில்லை. பக்கத்துச் சரத்தில் இருக்கும் களிம்பைத்தான், தன் கூலியிலிருந்து, தன் கூலியின் அடையாளத்தை அழிப்பதற்காக அவள் வாங்குகிறாள்.

கும்பாபிஷேக மலரின் பின்னட்டையை நகைக் கடைக்கோ அழகுப் பொருளுக்கோ விற்க மாட்டோம் என்று சொல்லக்கூடிய திருப்பணிக் குழு எதையும் நான் அறியேன். கோபுரத்துக்குச் சாரம் கட்டப் பணம் வேண்டும், அந்த நிர்ப்பந்தம் எனக்குப் புரிகிறது. யாகசாலை வாசலில் விருந்தினர்மீது பன்னீர் தெளிக்க முன்வரிசையில் நிறுத்துவதற்கு, ஊர்ப் பெண் குழந்தைகளில் சிவப்பாக இருக்கிற நாலு பேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவர்களைப் பந்தி பரிமாற அனுப்புகிறார்களே, அதற்கு எந்தக் கம்பெனி பணம் கொடுத்தது?